யானை இலத்தியில் நெருக்கீட்டு ஓமோனை அளக்கலாமா? அம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

சம்மாந்துறை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் விலங்கியல் மாணவி நான். எமது மாவட்டத்தில் காட்டு யானைகளை மூன்று வகையான இடங்களில் காண முடிகிறது. ஒன்று கல்லோயாத் தேசியப் பூங்காவை ஒட்டிய காடு. மற்றையது அறுவடைக் காலத்து வேளாண்மை வட்டைகள், அதாவது நெல்வயல் வெளிகள். மூன்றாவது, பிளாஸ்டிக்கை விழுங்கி யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் இடம்பெற்ற பள்ளக்காட்டுக் குப்பைமேடு. இம்மூன்று இடங்களிலும் இலத்தியைச் சேகரித்து, அதிலுள்ள நெருக்கீட்டு ஓமோனான கோட்டிசோலை அளந்து, எந்த இடத்து யானை கூடுதலான நெருக்கீட்டுடன் வாழ்கிறது என்பதைக் காட்ட விரும்புகிறேன். யானையைப் பிடிக்கவோ மயக்கவோ குருதி எடுக்கவோ தேவையில்லை என்பதே இம்முறையில் என்னைக் கவர்ந்தது.

ஆனால் வாசிக்க வாசிக்கச் சந்தேகங்கள் கூடுகின்றன. மனிதக் குருதிக்கென விற்கப்படும் கோட்டிசோல் எலைசா (ELISA) பரிசோதனைப் பெட்டியை இலத்திக்கும் பயன்படுத்தலாமா? விடியற்காலையில் வட்டையில் கிடக்கும் இலத்தி, முந்திய இரவு யானையை விரட்டக் கொளுத்திய யானை வெடிக்கு அந்த யானை மிரண்டதைக் காட்டுமா? ஆழ்குளிரூட்டி வசதி இல்லாத இடத்தில் மாதிரிகளை எவ்வாறு பாதுகாப்பது? வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றுக்கு அவற்றை அனுப்புவது நடைமுறையில் சாத்தியமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

களுவாஞ்சிக்குடியான்:

தங்கச்சி, ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில், விலங்குகளின் சாணம், சிறுநீர், மயிர் ஆகியவற்றிலுள்ள ஸ்டெரொயிட் ஓமோன்களை அளக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எலைசா பெட்டி பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

அதிரீனல் சுரப்பியிலிருந்து வெளிவரும் கோட்டிசோல் குருதியில் சுற்றிய பின்னர் ஈரலில் உருமாற்றப்பட்டு, ஒரு பகுதி சிறுநீரகத்தின் வழியாகவும் ஒரு பகுதி பித்தத்துடன் குடலுக்குள்ளும் போகிறது. குடலுக்குப் போன பகுதியை அங்குள்ள பற்றீரியாக்கள் மீண்டும் மாற்றுகின்றன. ஆகவே இலத்தி நிலத்தில் விழும்போது அதில் கோட்டிசோல் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. இருப்பவை அதன் அனுசேபப் பொருட்கள், அதாவது உடலில் அது உருமாறி உண்டாகும் பொருட்கள். மனிதக் குருதிக்கான பெட்டியிலுள்ள பிறபொருளெதிரி (குறித்த ஒரு பொருளுடன் இணையும் புரதம்) கோட்டிசோலையே தேடிப் பிடிப்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டது. அதில் யானை இலத்தியின் சாற்றை ஊற்றினாலும் ஒரு பெறுமானம் வரத்தான் செய்யும், எதை ஊற்றினாலும் வரும். அப்பெறுமானம் யானையின் நெருக்கீட்டைப் பின்தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்காகவே வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார், ஒரே அமைப்புப் பகுதியைக் கொண்ட அனுசேபப் பொருட்களைக் கூட்டமாகப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கினார்கள். மாடு, ஆடு, குதிரை முதல் ஆபிரிக்க யானை வரை அவை பயன்படுகின்றன. கோட்டிசோலை ஒத்த இன்னொரு அதிரீனல் ஓமோனான கோட்டிகோஸ்தெரோனுக்கு எதிரான சில பிறபொருளெதிரிகளும் பல அனுசேபப் பொருட்களுடன் இணையக்கூடியவை. ஆசிய யானைகளில் அவற்றையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 96 குழிகள் கொண்ட தட்டில், குறிப்பிட்ட அளவு பிறபொருளெதிரி மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும். மாதிரியிலுள்ள ஓமோனும், நிறத்தை உண்டாக்கும் நொதியம் பூட்டப்பட்டு நாம் சேர்க்கும் ஓமோனும் அந்த இடங்களுக்குப் போட்டியிடும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் சங்கீதக் கதிரைக்கு ஓடுவதைப் போன்றதுதான். மாதிரியில் ஓமோன் கூடினால் நொதியம் பூட்டியவற்றுக்கு இடம் கிடைக்காது, கழுவலில் போய்விடும், நிறம் வெளிறும். ஆகவே கடும் நிறமுள்ள குழியே குறைந்த ஓமோனைக் காட்டுகிறது. புதிதாக வருபவர்கள் இதில் தலைகீழாக விளங்கிக்கொள்வதுண்டு. ஓமோன் அளவு தெரிந்த நியமக் கரைசல்களுக்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கும் இடம் விட்டு, ஒவ்வொரு மாதிரியையும் இரட்டைக் குழிகளில் இட்டால், ஒரு தட்டில் சுமார் 40 மாதிரிகளே அடங்கும். இரட்டைகளுக்கிடையிலான மாறல் குணகம் (சராசரியின் வீதமாகச் சொல்லப்படும் விலகல்) 10 வீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியை மீண்டும் அளப்பதே எங்கள் வழக்கம்.

இரண்டாவது, யானை வெடி. உணவு யானையின் குடலைக் கடந்து வெளிவர ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு நாட்கள் செல்கின்றன. விடியற்காலையில் நீங்கள் எடுக்கும் இலத்தியில் முந்திய இரவு வெடித்த வெடியைத் தேடினால் அது அங்கே இருக்காது. நேற்றோ முந்தாநாளோ நடந்தவை, அதுவும் பல மணித்தியாலங்கள் ஒன்றாகக் கலந்து, சராசரியாகத் தெரியும். கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும் குருதி அளவைவிட இந்தச் சராசரி பல வேளைகளில் பயனுள்ளது. பிடிபட்ட விலங்கின் குருதியில் பிடித்த சில நிமிடங்களுக்குள்ளேயே கோட்டிசோல் உயரத் தொடங்கிவிடுவதால், அங்கே நாம் அளப்பது பிடித்ததன் விளைவையேயாகும். ஆனால் இதே தாமதம் உங்கள் மூன்று இடத் திட்டத்தை உலைக்கிறது. இலத்தி வட்டையில் கிடந்தாலும், அதிலுள்ள ஓமோன் அந்த யானை காட்டில் நின்ற நாளைப் பற்றியதாக இருக்கலாம். ஒரே யானை இன்றைக்குக் குப்பைமேட்டிலும் நாளைக்கு வட்டை ஓரத்திலும் நிற்குமானால், ‘குப்பைமேட்டு யானை’ என்று ஒன்றைப் பிரித்தெடுக்க உங்களிடம் இலத்தி கிடந்த இடத்தைத் தவிர வேறு சான்று வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது, யானை போட்டதைக் கண்ணால் கண்டோ, வெதுவெதுப்பும் மேற்பரப்பின் பளபளப்பும் போகாத நிலையிலோ எடுங்கள். ஒரு குவியலில் பல உருண்டைகள் இருக்கும். சிறுநீர் படாத இரண்டு மூன்று உருண்டைகளை உடைத்து, நடுப்பகுதியிலிருந்து கையுறையுடன் அள்ளி, ஒரு பையில் இட்டு நன்றாகப் பிசையுங்கள். ஓமோன் உருண்டை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. நீண்ட நார்களையும் விதைகளையும் அகற்றிவிட்டால் நிறுக்கும்போது தொல்லை குறையும். வெளிப்புறத்துச் சளிப் படலத்தைத் தனியே ஒரு குச்சியால் வழித்து எடுத்துவையுங்கள்: குடற் கலங்கள் அதில்தான் ஒட்டியிருக்கும், மரபணுவைக் கொண்டு எந்த யானை என்று அறிய விரும்பினால் அதுவே உதவும். உருண்டையின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். வயதை மட்டாகக் கணிக்கலாம்.

பாதுகாப்பதைப் பொறுத்தவரை, குளிரில்லாத ஒவ்வொரு மணித்தியாலமும் பற்றீரியாவின் வேலை நேரம். கல்முனை, ஒலுவில் பக்கம் மீன் வியாபாரிகளிடம் கிடைக்கும் ஐஸை ரெஜிபோம் பெட்டியில் நிரப்பிக்கொண்டு போய், அன்றைக்கே பாகை சதம் மறை 20 இல் உறையவிடுவது முதல்தரமான வழி. அது முடியாவிட்டால், குரங்கு ஆய்வாளர்கள் காட்டிலேயே செய்வதைப் பின்பற்றலாம். நிறை தெரிந்த சாணத்தை எதனோலில் இட்டுக் கையால் சில நிமிடம் குலுக்கி, தெளிந்த சாற்றை வேறு குழாயில் ஊற்றி எடுத்துவிடுவார்கள். சக்கையை எறிந்துவிட்டால் பற்றீரியாவும் அதனுடனேயே போய்விடும். எந்த முறையைத் தெரிவு செய்தாலும் ஆய்வு முடியும்வரை அதிலேயே நில்லுங்கள். பாதி மாதிரி ஐஸிலும் பாதி எதனோலிலும் வந்தால் இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்க்க முடியாது.

கால்நடை வைத்தியர், மட்டக்களப்பு:

மேலே சொல்லப்பட்டதுடன் உடன்படுகிறேன். அனுமதி பற்றிச் சில விடயங்களைச் சேர்க்க வேண்டும். யானை இலத்திதானே, யார் கேட்பார் என்று எண்ண வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் ஆய்வு செய்யவும் அங்கிருந்து எதையேனும் எடுக்கவும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதற்கு உங்கள் துறைத் தலைவரின் கடிதமும் ஆய்வு முன்மொழிவும் கேட்கப்படும். விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முந்தி அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆசிய யானை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் உள்ள விலங்கு. எனினும் விலங்கைக் கையாளாமல் பெறப்பட்ட மலமும் சிறுநீரும் கழிவுப் பொருட்கள் என்பதால், அவை உடன்படிக்கைக்குள் அடங்கா என்று அதன் உறுப்பு நாடுகள் தீர்மானித்துள்ளன. இதை வைத்துக்கொண்டு இலங்கைச் சட்டப்படியான ஏற்றுமதி அனுமதியும் தேவையில்லை என்று முடிவெடுத்துவிடக் கூடாது. பெறும் நாட்டின் விலங்குநோய்த் தடுப்பு விதிகள் வேறு இருக்கின்றன. பச்சைச் சாணத்தைவிட, எதனோலை ஆவியாக்கி உலர்த்திய சாறு எல்லா அதிகாரிகளுக்கும் இலகுவானது.

தட்டு வாசிப்பானும் மையநீக்கியும் நாட்டின் பல மருத்துவ ஆய்வுகூடங்களில் உள்ளவைதான். தகுந்த பிறபொருளெதிரியைத் தருவித்து இங்கேயே அளப்பதை உங்கள் மேற்பார்வையாளருடன் கலந்து பேசுங்கள். தட்டை எங்கே வாசித்தாலும் முன்னரே ஒரு பரிசோதனை வேண்டும். ஐதாக்க ஐதாக்க உங்கள் சாற்றின் வளைகோடு நியமக் கரைசலின் வளைகோட்டுக்குச் சமாந்தரமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சாணத்திலுள்ள வேறு ஏதோ ஒன்று இடையூறு செய்கிறது.

ஒரு தயவான வேண்டுகோள். விடியற்காலையில் வட்டைப் பக்கம் தனியாகப் போக வேண்டாம். புதிய இலத்தி கிடக்கிறது என்றால், அதைப் போட்ட யானை அருகில் நிற்கிறது என்றே கருத வேண்டும். சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பிகளும் அந்தப் பக்கங்களில் உண்டு.

வெல்லாவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளைகள் நல்ல விடயம் பேசுகிறீர்கள். எனக்கும் எங்கள் ஊரில் வயல் உண்டு என்பதால் ஒரு ஐயத்தை முன்வைக்கிறேன். ஆய்வுகளில் வட்டைக்கு வரும் யானை எப்போதும் பயந்து நடுங்கி வருவதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மாசி மாதத்தில், கதிர் முற்றிய வேளாண்மைக்குள் ஒற்றை ஆண் யானை வந்து நின்றால், பரணிலிருந்து நாங்கள் தகரம் தட்டினாலும் டோர்ச் அடித்தாலும் அது காதை ஆட்டிக்கொண்டு தின்றுகொண்டுதான் நிற்கும். வெடி கொளுத்தினால் நாலு வரம்பு தள்ளிப் போய் நின்று மறுபடியும் தின்னும். இரவு முழுவதும் நித்திரையின்றி நெருக்கீட்டுடன் நிற்பவர்கள் நாங்கள். வட்டை யானைக்கு ஓமோன் குறைவாக இருந்தால், ‘யானை நலமாக இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை’ என்று யாராவது எழுதிவிடுவார்களோ? இன்னொன்று, வட்டைக்கு வருபவை பெரும்பாலும் ஆண் யானைகள்; காட்டுக்குள் நிற்பவை குட்டிகளோடு கூடிய பெண் கூட்டங்கள். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

சம்மாந்துறை மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனிதக் கோட்டிசோல் பெட்டி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆசிரியர் ஐயா கேட்டதுதான் இப்போது எனக்கும் பெரிய கேள்வியாக உள்ளது. அத்துடன், கூடிய அளவு வந்தாலும் அது வெடிக்கும் வேலிக்கும் பயந்ததால் வந்ததா, வரட்சியில் தீனி கிடைக்காமல் வந்ததா என்று எவ்வாறு பிரிப்பது?

களுவாஞ்சிக்குடியான்:

ஆசிரியர் ஐயா பரணிலிருந்து கண்டதை ஆய்வுகூடமும் கண்டிருக்கிறது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தார் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், மனிதக் குடியிருப்புகளுக்கிடையே பயிர் மேய்ந்து வாழும் யானைகளின் இலத்தியில் இந்த அனுசேபப் பொருட்கள் காட்டு யானைகளினதைவிடக் குறைவாகவே இருந்தன. உடற்கட்டும் நன்றாக இருந்தது. தரமான உணவு நெருக்கீட்டைத் தணித்திருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். எனவே வட்டை யானையில் கட்டாயம் கூடத்தான் வரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம். குறைவாக வந்தாலும், ஐயா அஞ்சுவதைப் போல அதைப் ‘பிரச்சினை இல்லை’ என்று வாசிக்க இடமில்லை. வட்டைக்குத் திரும்பத் திரும்ப வருவதால் யானைக்குக் கிடைக்கும் இலாபம் அது படும் பயத்தைவிடப் பெரிது என்பதையே அது சொல்லும். வெடியை மட்டும் நம்பியிருக்கும் திட்டத்துக்கு அது நல்ல செய்தியல்ல.

பசியையும் பயத்தையும் பிரிக்க இரண்டாவது ஓமோன் ஒன்று வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இதைக் கடலில் செய்து காட்டினார்கள். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் ஓர்க்கா திமிங்கிலங்கள் குறைந்துவருவதற்கு, அவற்றைச் சூழ்ந்து ஓடும் படகுகள் காரணமா, அவற்றின் உணவான சினூக் சால்மன் மீன் அருகியது காரணமா என்ற வாதம் நீண்டகாலமாக இருந்தது. பயிற்றப்பட்ட நாயைப் படகின் முன்னணியில் ஏற்றி, நீரில் மிதக்கும் திமிங்கிலக் கழிவை மோப்பம் பிடிக்கச் செய்து சேகரித்தார்கள். அதில் நெருக்கீட்டு ஓமோனின் அனுசேபப் பொருட்களுடன், டி3 எனப்படும் தைரொயிட் ஓமோனையும் அளந்தார்கள். நெருக்கீட்டு ஓமோன் பயத்திலும் பசியிலும் ஏறும். டி3 அப்படியல்ல, உணவு குறையும்போது உடல் தன் செலவைச் சுருக்க அதைத் தாழ்த்துகிறது. 2012 இல் வெளியான அந்த ஆய்வில், படகுகள் மிகக் கூடுதலாக ஓடிய கோடையில் நெருக்கீட்டு ஓமோன் தாழ்ந்தும், மீன் அருகிய பருவத்தில் உயர்ந்தும் காணப்பட்டதால், உணவுப் பற்றாக்குறையின் பக்கமே சான்று சாய்ந்தது. யானை இலத்தியிலும் டி3 ஐ அளக்கலாம். ஒரே சாற்றிலிருந்து இரண்டு தட்டுகள் ஓட்டுவதற்குச் செலவு கூடும், ஆனால் உங்கள் கேள்விக்கு ஒரு தட்டு பதில் தராது.

ஆண், பெண் பற்றி ஐயா கேட்டது சரியான கேள்வி. மதம் பிடித்த ஆணின் இலத்தியில் தெஸ்தோஸ்தெரோன் அனுசேபப் பொருட்கள் பன்மடங்கு உயரும், அக்காலத்தில் அது தின்பதும் குறையும். பெண் யானை 22 மாதம் வரை கர்ப்பம் சுமப்பதால், எந்த நேரத்திலும் ஒரு கூட்டத்தில் கர்ப்பிணிகள் இருக்கக்கூடும், அவற்றின் ஓமோன் நிலையும் வேறு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் காட்டையும் வட்டையையும் குப்பைமேட்டையும் ஒப்பிடுவதைக் கைவிடுவேன். குப்பைமேட்டு யானையின் உணவு, அதன் நார்ச்சத்து, குடலைக் கடக்கும் வேகம் எல்லாமே வேறாக இருப்பதால், இலத்தியின் ஒரு கிராமிலுள்ள ஓமோன் அளவும் உணவினாலேயே மாறிவிடும். ஈரலிப்பு வேறுபாட்டை உலர்நிறையால் வகுத்துச் சரிசெய்யலாம். உணவு வேறுபாட்டை அவ்வாறு சரிசெய்ய முடியாது.

அதற்குப் பதிலாக, காதுக் கிழிசல், வால், தந்தம் கொண்டு அடையாளம் காணத்தக்க சில ஆண் யானைகளை மட்டும் எடுத்து, பெரும்போக அறுவடைக்கு முன்னும் அறுவடையின்போதும் சிறுபோகத்தின் வரண்ட நாட்களிலும் அதே யானைகளிடமிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுங்கள். அப்போது ஒவ்வொரு யானையையும் அதன் முந்திய நிலையுடனேயே ஒப்பிடுகிறீர்கள். விலா எலும்பும் இடுப்பெலும்பும் எவ்வளவு துருத்தித் தெரிகின்றன என்பதற்கு ஒவ்வொரு முறையும் புள்ளியிட்டு, படமும் எடுத்துவையுங்கள். மார்கழி மழையில் நனைந்த இலத்தியைத் தொடவே வேண்டாம். திணைக்களத்தினர் எங்காவது யானையைப் பிடித்து இடம் மாற்றினால், மாற்றிய பின் இரண்டு மூன்று நாட்களுக்கு அதன் இலத்தியைக் கேட்டு வாங்குங்கள். நெருக்கீடு நிச்சயமாக ஏற்பட்ட ஒரு யானையில் உங்கள் தட்டு உயர்வைக் காட்டுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

கிரான் பட்டிக்காரர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களிடம் தயிருக்காக வளர்க்கும் எருமைகள் இருக்கின்றன. சினைப்பட்டதா இல்லையா என்று நாட்கணக்கில் தெரிவதில்லை. யானை இலத்தியில் இவ்வளவு தெரியுமென்றால், எருமைச் சாணத்தில் சினையை அறிய முடியாதா?

கால்நடை வைத்தியர், மட்டக்களப்பு:

முடியும். புரோஜெஸ்தரோனின் அனுசேபப் பொருட்கள் சாணத்திலும் வருகின்றன. காட்டு விலங்குகளில் சினையை அறிய அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உங்கள் எருமை பால் கறக்க நிற்கும் விலங்கு, ஆகவே சாணத்துக்குப் போக வேண்டிய தேவை இல்லை. பாலில் புரோஜெஸ்தரோன் அப்படியே, உருமாறாமல் இருக்கிறது. பேராதனையில் எருமைகளின் புரோஜெஸ்தரோனைக் கதிரியக்க முறையால் அளந்த ஆய்வுகள் 1980களிலேயே நடந்திருக்கின்றன. எருமையின் வேட்கைச் சுழற்சி சுமார் 21 நாட்கள். சினைப்படுத்தி 21 நாட்களுக்குப் பின்னர் எடுத்த பாலில் புரோஜெஸ்தரோன் தாழ்ந்திருந்தால் சினையில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். உயர்ந்திருந்தால் சினையாக இருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லலாம், ஏனெனில் முளையம் பின்னர் அழிந்துபோகவும் இடமுண்டு. எருமை வேட்கையை வெளிக்காட்டாமலே கடந்துவிடுவதால் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த அறிவு பயன்படும். ஆயினும் ஒரு பட்டிக்கு, 2 மாதம் கடந்த பின்னர் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லி, மலக்குடலினூடாகக் கையை விட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் செய்விப்பதே இன்றைக்கும் மலிவானதும் விரைவானதுமாகும். செயற்கைச் சினைப்படுத்தல் செய்த திகதியை எழுதி வைத்திருங்கள். அது இல்லாமல் வந்தால் எனக்கும் கணிப்பது சிரமம்.